கூட யாராவது வந்திருக்காங்களா?

பிப்ரவரி 3: ஒரு வாசகரின் கேள்வி

"வயதானவர்களுக்கு எதிராகப் பாகுபாடு என்று அடிக்கடி பேசுகிறார்கள். எனக்குப் புரியவில்லை. மூத்தவர் என்றால் எழுந்து இடம் கொடுக்கிறோம், வரிசையில் முன்னே விடுகிறோம், வாங்க போங்க என்றுதான் பேசுகிறோம். இதில் பாகுபாடு எங்கே வந்தது? வயது ஏறினால் கண், காது, வேகம் எல்லாம் குறையும். அதற்கேற்ப நடந்துகொள்வது தப்பா? சொந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். பொதுப்படையாகப் புலம்ப வேண்டாம்."

பிப்ரவரி 3, மாலை

சொந்த அனுபவம்தானே, தருகிறேன். எனக்கு 67 வயது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

முழங்கால் வலி என்று ஒரு டாக்டரிடம் போனேன். மகன் வண்டி ஓட்டி வந்தான், அவ்வளவுதான் அவன் பங்கு. டாக்டர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு மகனைப் பார்த்து, "அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் எப்படி?" என்றார். அவன் தனி வீட்டில் இருப்பவன், அவனுக்கு என்ன தெரியும்? ஆனாலும் "பரவாயில்லை டாக்டர்" என்று பதில் சொன்னான். "வலி எத்தனை நாளா?" அதற்கும் அவனே ஒரு கணக்கு சொன்னான். அதுவும் தப்புக் கணக்கு. நான் குறுக்கே புகுந்து, "டாக்டர், முட்டி என்னோடது. என்கிட்ட கேளுங்க" என்றேன். அவர் சிரித்தார். அடுத்த கேள்வியையும் மகனிடமே கேட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. மரியாதைக்கும் ஒரு குறையும் இல்லை. நாற்காலி கிடைத்தது, புன்னகை கிடைத்தது. என்னிடம் கேட்கவேண்டிய கேள்விதான் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் சொல்லும் மரியாதையும் நான் சொல்லும் பாகுபாடும் ஒரே அறையில், ஒரே ஆளிடமிருந்து, ஒரே நேரத்தில் வரும். அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

பிப்ரவரி 3, இரவு

காது குறையும் என்று எழுதியிருந்தீர்களே. குறையும்தான். ஆனால் எப்படிக் குறைகிறது என்று பார்த்து அதற்கேற்ப நடப்பவர் யார்? வயதில் வரும் கேட்கும் திறன் குறைவு முதலில் உயர்ந்த அதிர்வெண்களைத்தான் பிடிக்கும். பேச்சு கேட்கும், மெய்யெழுத்துகள் மங்கிவிடும். அதற்கு முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாக, குரலின் சுருதியைத் தாழ்த்திப் பேசவேண்டும். எல்லோரும் செய்வது என்ன? தொண்டை கிழியக் கத்துவது. கத்தும்போது சுருதி மேலே ஏறும், எங்களுக்கு எது கேட்காதோ அந்தப் பக்கமே போகும். எனக்கோ காது நன்றாகவே கேட்கிறது. நரைத்த தலையைப் பார்த்ததும் கத்த ஆரம்பிக்கிறார்கள்.

பிப்ரவரி 5

இன்னொன்று. கைபேசி வாங்கப் போனேன். கேமரா நன்றாக இருக்கவேண்டும், நினைவகம் நிறைய வேண்டும் என்று சொன்னேன். விற்பனைப் பையன் உள்ளே போய், பெரிய பெரிய பொத்தான் வைத்த ஒரு கருவியோடு வந்தான். அதில் சிவப்பாக ஓர் அவசரப் பொத்தான் வேறு. "உங்களுக்கு இதுதாம்மா ஈசி" என்றான். அந்தப் பொத்தானை அந்த நிமிடமே அமுக்கலாமா என்று தோன்றியது.

சிரிப்பாகச் சொல்லிவிட்டேன், அதே வாரம் நடந்த இன்னொன்று சிரிப்பு இல்லை. என் சேமிப்பை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் போனேன். எழுத்தர் படிவத்தைப் பார்த்தார், பிறந்த தேதியைப் பார்த்தார். "கூட யாராவது வந்திருக்காங்களா?" யாரும் வரவில்லை, என் பணம், என் கையெழுத்து என்றேன். "இல்லம்மா, ஏமாத்திடறாங்க, உங்க நல்லதுக்குத்தான்" என்றார். மூத்தவர்களைக் குறிவைத்து மோசடி நடப்பது உண்மை, மறுக்கவில்லை. எச்சரிக்க வேண்டும் என்றால் என்னிடமே எச்சரிக்கலாமே. வாழ்க்கை முழுக்க அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கினேன், என் கணக்கைச் சரிபார்க்க ஆள் கூட்டி வரவேண்டுமாம்.

பிப்ரவரி 6

"இளைஞர்களுக்கும் இதுதான் நடக்கிறது, உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயம். என் அக்கா மகள் கட்டுமானப் பொறியாளர், வயது 27. வேலை நடக்கும் இடத்துக்கு வரும் ஒப்பந்தக்காரர்கள் அவளிடம் கேட்பது, "பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா?" எனக்கு வந்த அதே கேள்வி. என்னைத் தாண்டிக் கீழே பார்க்கிறார்கள், அவளைத் தாண்டி மேலே பார்க்கிறார்கள். அவளுக்கு 40 ஆகும்வரை இது ஓயாது போலிருக்கிறது. அப்புறம் ஒரு பத்து வருடம் நிம்மதி. அதற்குப் பிறகு மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு மூத்தவர்கள்மீது வயது சார்ந்த தப்பெண்ணம் இருக்கிறது என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். எல்லா வயதினரைப் பற்றியும் தரவு இருந்தது ஐரோப்பாவில் மட்டும்தான். அங்கே வயதைக் காரணமாக வைத்துத் தங்களை மட்டமாக நடத்துகிறார்கள் என்று அதிகம் சொன்னது இளைஞர்களே.

பிப்ரவரி 7

இன்னொரு வாசகர், "சட்டமே எல்லா வயதையும் காக்கிறதே" என்கிறார். நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1967இல் வந்த வேலைவாய்ப்பு வயதுப் பாகுபாட்டுச் சட்டம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும். 27 வயதுக்காரி "சின்னப்பெண்" என்று ஒதுக்கப்பட்டால் அந்தச் சட்டத்தில் அவளுக்கு இடம் இல்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் ஆஸ்திரேலியாவின் 2004 வயதுப் பாகுபாட்டுச் சட்டமும் இரண்டு பக்கமும் பார்க்கும்.

1948இன் மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துப் பாருங்கள். இனம், நிறம், பால், மொழி, மதம் என்று வரிசையாகப் போகும். வயது அதில் பெயர் சொல்லி வராது, "பிற நிலை" என்ற இரண்டு சொல்லுக்குள் ஒதுங்கி நிற்கும்.

பிப்ரவரி 9

முதல் வாசகர் விடுவதாக இல்லை. "அப்படியானால் வயதைப் பார்த்து எந்த விதியுமே போடக்கூடாதா?" என்கிறார். நல்ல கேள்வி. இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

போடலாம். மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏறச் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் பொதுவாகக் குறையும், மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். சில தூக்க மாத்திரைகள் இளைஞருக்குத் தூக்கம் தரும், எங்களைக் கீழே விழவைக்கும். மூத்தவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை பியர்ஸ் என்ற டாக்டர் 1991இல் கொண்டுவந்தார். அதைத் திருத்தித் திருத்தி இன்றும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு டாக்டர் எனக்கு ஒரு மாத்திரையை மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வருவேன். அவரிடம் காரணம் இருக்கிறது, கேட்டால் விளக்கவும் முடியும், என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மாற்றவும் முடியும்.

"இந்த வயசில் முட்டி வலிக்காம என்ன செய்யும்?" என்று அனுப்பி வைப்பது வேறு. அது நோயைப் பார்க்காமலே பார்த்ததாகக் கணக்கு எழுதுவது. எனக்கு இரண்டு முட்டிக்கும் ஒரே வயசுதான், வலி ஒன்றில் மட்டும் இருக்கிறது.

பிப்ரவரி 9, இரவு

விமானிகள் பற்றி ஒருவர் நினைவூட்டினார். சர்வதேசப் பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்கான மேல் வரம்பு முன்பு 60. ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006 நவம்பரில் அதை, இரண்டு விமானிகள் இருக்கும்பட்சத்தில், 65 ஆக்கியது. 60ஐத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை.

இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். பரிசோதனை இருக்கும்போது வரம்பு எதற்கு என்று ஒரு மனம் கேட்கிறது. திடீரென்று வரும் மாரடைப்பைப் பரிசோதனை முன்கூட்டிச் சொல்லாது, பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இன்னொரு மனம். வரம்பு நகர்ந்தது என்பதை மட்டும் கவனிக்கிறேன். 60 என்பது இயற்கை எழுதிய எண்ணாக இருந்திருந்தால் நகர்ந்திருக்காது.

பிப்ரவரி 12

வேலை தேடுகிறவர்களின் கதைகள் வந்து குவிகின்றன. என் பழைய சக ஊழியர் ஒருவருக்கு 54 வயது. நேர்காணல் நன்றாகவே போனதாம். கடைசியில் கிடைத்த பதில், "உங்க அனுபவத்துக்கு இங்க போரடிச்சிடும் சார்." அவர் திருப்பிக் கேட்டார்: "போரடிக்குமா இல்லையான்னு நான்தானே சொல்லணும்? உங்களுக்கு வேற தயக்கம் எதுவும் இருந்தா அதைச் சொல்லுங்க, பேசிடலாம்." எதிரில் இருந்தவர் கொஞ்சம் யோசித்து, புது மென்பொருள் பழகுவது பற்றித்தான் சந்தேகம் என்று ஒப்புக்கொண்டார். இவர் அதில் ஏற்கெனவே வேலை செய்தவர்! சொன்னார். வேலை கிடைக்கவில்லை. கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் கிடைக்கவில்லை.

இது தனிமனிதர் புலம்பல் இல்லை. அமெரிக்காவில் பொருளாதார ஆய்வாளர்கள் 40,000க்கும் அதிகமான கற்பனை விண்ணப்பங்களை நிஜ வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2019இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வயதைத் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்று. மூத்தவர்களுக்கு அழைப்பு குறைந்தது, பெண்களுக்கு இன்னும் மோசம். நரை ஆணுக்கு அனுபவமாகத் தெரிகிறது, பெண்ணுக்கு வெறும் நரையாகவே தெரிகிறது என்று இதைப் படித்ததும் தோன்றியது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

படிவமே ஆளை வடிகட்டுவதும் உண்டு. பிறந்த ஆண்டோ பட்டம் வாங்கிய ஆண்டோ கீழிறங்கும் பட்டியலில் இருக்கும், உங்கள் ஆண்டு வருவதற்கு முன்பே பட்டியல் முடிந்துவிடும். 2017இல் இல்லினாய் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் இதை வைத்தே பல வேலைவாய்ப்புத் தளங்களிடம் விளக்கம் கேட்டார். அங்கே உங்களை வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லை, யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பிப்ரவரி 13

பலர் கேட்டதால்: தலைக்குச் சாயம் பூசுவது பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை. பிடித்தால் பூசுங்கள். நேர்காணலுக்கு மட்டும் பூசினால், வேலை கிடைத்தபின் வாழ்நாள் முழுக்கப் பூசவேண்டி வரும். அவ்வளவுதான் என் எச்சரிக்கை.

பிப்ரவரி 15

"சரி, நடக்கிறது. என்ன செய்வது?" எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

நான் முதலில் செய்து பார்த்தது கோபப்படுவது. பலனில்லை. கோபப்பட்டால் "வயசானா கோபம் வரும்" என்று அதையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இளைஞன் கோபப்பட்டால் "காரணம் என்ன?" என்று கேட்பார்கள், அந்த வசதி எங்களுக்குக் கிடையாது.

அடுத்து, திறமையைக் காட்டுவது. நான் இன்னும் இதைச் செய்வேன், அதை ஓட்டுவேன் என்று பட்டியல் போடுவது. இது எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மாடிப்படி ஏறிக் காட்டினால்தான் என்னிடம் பேசுவார்கள் என்றால், படி ஏற முடியாத என் தோழியிடம் யார் பேசுவது? அவள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள், புத்தி கத்தி மாதிரி. "எங்க வயசுக்கு நாங்க எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்க" என்று பெருமையாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அந்தப் பெருமையின் கதவு அவள் முகத்தில்தான் சாத்தப்படுகிறது.

எனக்கு ஓரளவு வேலை செய்தது, காரணத்தைக் கேட்பது. குரலை உயர்த்தாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு: "இந்த விதி எங்கே எழுதியிருக்கு? காட்டுங்களேன்." நீச்சல் வகுப்பில் சேரப் போனபோது 60 தாண்டினால் சேர்ப்பதில்லை என்றார்கள். கேட்டேன். தேடினார்கள், மேலாளரைக் கூப்பிட்டார்கள். எழுதிய விதி எங்கேயும் இல்லை. யாரோ எப்போதோ சொன்னதை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றார்கள். எல்லோரிடமும் கேட்பீர்களா என்றேன். இல்லை என்றார்கள். எல்லோரிடமும் கேட்டால் நானும் தருகிறேன் என்றேன். இப்போது 20 வயதுப் பையன்களும் சான்றிதழ் கொண்டு வருகிறார்கள், அவர்களுக்கு என்மேல் ஏக வருத்தம்.

விதி உண்மையிலேயே எழுதியிருக்கும் இடமும் உண்டு. பயணக் காப்பீடு அப்படி. காட்டினார்கள், படித்தேன், வெளியே வந்தேன், வேறு இடத்தில் அதிகம் கொடுத்து வாங்கினேன். மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்று மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எழுத்தில் கேட்டாலே சிலர் மறுப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

சில நாள் எதுவும் செய்வதில்லை. உடம்பு அலுப்பாக இருக்கும், "சரிப்பா" என்று வந்துவிடுவேன். எல்லாச் சண்டைக்கும் நான் ஆள் இல்லை.

பிப்ரவரி 16

"பாட்டி என்று கூப்பிட்டால் சண்டை போடுவீர்களா?" மாட்டேன். பாட்டி என்று கூப்பிட்டுவிட்டு என் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறவர், மேடம் என்று கூப்பிட்டுவிட்டு என் மகனைத் தேடுகிறவரைவிட எவ்வளவோ மேல்.

குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சுவது மட்டும் ஆகாது. "சாப்டோமா? மாத்திரை போட்டோமா?" இது வெறும் எரிச்சல் விஷயமும் இல்லை. மறதி நோய் உள்ளவர்கள் இருக்கும் பராமரிப்பு இல்லங்களில் காணொளி எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். செவிலியர் குழந்தைப் பேச்சுப் பேசினால் அவர்கள் முரண்டு பிடிப்பது கூடியது, சாதாரணமாகப் பேசினால் குறைந்தது. நினைவு போனாலும் இது உறைக்கிறது.

பிப்ரவரி 20

எழுதத் தயங்கிக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். வெளியே நடப்பதைவிட வீட்டுக்குள் நடப்பது கஷ்டம். "நீங்க எதுக்கும்மா சிரமப்படணும்?" என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறார்கள். முதலில் மின்கட்டணம், பிறகு வண்டிச் சாவி, பிறகு எந்த டாக்டர் என்பது. ஒவ்வொன்றும் அன்புதான். அன்பை எதிர்த்து எப்படி வழக்காடுவது? நீச்சல் வகுப்பில் விதி எங்கே என்று கேட்ட எனக்கு மகளிடம் அப்படிக் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் மின்கட்டணத்தை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சிறிய விஷயம், ஆனால் மாதாமாதம் ஒரு தீர்மானம் என் கையில் இருக்கிறது.

இன்னொன்று, நாமே நமக்குச் செய்வது. "இந்த வயசுல எதுக்கு" என்று யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொண்டு கைவிட்டவை நிறைய. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒஹையோவில் ஒரு சிற்றூரில் 50 வயதைத் தாண்டிய 660 பேரைப் பல ஆண்டு தொடர்ந்த தரவு. தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டு அதிகம் வாழ்ந்தார்கள்.

எனக்கு உடனே வந்த சந்தேகம், உடம்பு நன்றாக இருப்பவர்தானே முதுமையை நல்லவிதமாகப் பார்ப்பார்? உடல்நிலை, வயது, வசதி எல்லாம் கணக்கில் எடுத்தபிறகும் அந்த வித்தியாசம் நின்றது என்கிறார்கள். ஆனாலும் இதைப் படித்துவிட்டு "சந்தோஷமா நினைச்சா நீண்ட ஆயுள்" என்று எனக்கு யாரும் வாழ்த்து அனுப்ப வேண்டாம். எழுத்தர் மனது மாறாமல் நான் மட்டும் நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருந்தால் என் பணம் கணக்கு மாறாது.

பிப்ரவரி 23

"அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரும் பேசவில்லை" என்பவருக்கு. 1969இலேயே பேசினார்கள். ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் வாஷிங்டன் பக்கம் வசித்தார். அக்கம்பக்கத்தில் ஒரு கட்டடத்தை மூத்தவர்களுக்கான குடியிருப்பாக்க முயன்றபோது எதிர்ப்பு கிளம்பியது. அதைப் பார்த்துத்தான் இதற்கு இனவெறிக்கு ஈடாக 'ஏஜிசம்' என்று ஒரு பெயரே வைத்தார்.

மறுவருடம் மேகி குன். 65 வயதானதும் தேவாலய அமைப்பொன்றில் பார்த்த வேலையிலிருந்து கட்டாய ஓய்வு. வீட்டுக்குப் போகாமல் 'கிரே பேந்தர்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம், இயக்கத்தில் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டார். 6ஆம் தேதி கோபப்பட்ட நண்பர் கவனிக்க. அமெரிக்காவில் கட்டாய ஓய்வு வயது 1978இல் 70 ஆனது, 1986இல் பெரும்பாலான வேலைகளுக்கு எடுத்தேவிட்டார்கள்.

பிப்ரவரி 26

செயலிகள் எழுதும் ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா? நாங்கள் வேறு என்ன செய்யவேண்டும்?" பல நாளாக இப்படி யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுத்து இரண்டாம்பட்சம், தம்பி. நேரம்தான் முதலில். ஒருமுறைக் கடவுச்சொல் வரும், கண்ணாடியைத் தேடுவேன், அதற்குள் காலாவதி. மறுபடி கேட்டால் "அதிக முயற்சிகள், நாளை வாருங்கள்." எனக்கு எண் படிக்கத் தெரியும், உங்கள் கடிகாரத்துக்குத்தான் பொறுமை இல்லை. இணையத் தளங்களுக்கான டபிள்யூசிஏஜி என்ற நெறிமுறை பல வருடமாக இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேர வரம்பு வைத்தால், முடிவதற்குமுன் எச்சரித்து, ஒரே தட்டில் நீட்டிக்க விடவேண்டும், குறைந்தது பத்து முறை, என்பது அதில் ஒரு வழி. பாதுகாப்புக்காகச் சில இடங்களில் முடியாது என்பீர்கள். சரி, முடியாத இடத்தை விடுங்கள். முகவரி மாற்றும் படிவத்துக்கு எதற்கு இரண்டு நிமிடக் கெடு?

அப்புறம், தவறு வந்தால் நிரப்பியதை எல்லாம் அழிக்காதீர்கள். எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்லுங்கள். பிறந்த ஆண்டைத் தட்டச்சு செய்ய விடுங்கள், என்னை 1950கள் வரை உருட்டவிடாதீர்கள், விரல் வலிக்கிறது. சோதனை செய்ய ஆட்களைக் கூப்பிடும்போது எங்களில் நாலு பேரையும் கூப்பிடுங்கள். நாங்கள் தடுமாறும்போது உங்கள் ஆள் எட்டி வந்து தானே அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கே தடுமாறினோம் என்பதுதானே உங்களுக்கு வேண்டும்.